பேரருவி வரை நடந்தால் ஒரு புரோட்டா கழியுமா?

சீசன் தொடங்கினால் போதும், நான் தென்காசிக்காரி என்பது ஆபீஸில் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். 'ஐந்தருவியில தண்ணி விழுதா?', 'சனிக்கிழமை போனா கூட்டம் எப்படி இருக்கும்?', 'பார்டர்ல எந்தக் கடை நல்லாருக்கும்?' இந்த மூன்றும் வருடா வருடம் வரும் கேள்விகள். இந்த வாரம் வாசகி ஒருவர் நான்காவதாக ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

"குடும்பத்தோட மூணு நாள் குற்றாலம் வர்றோம். நான் டயட்ல இருக்கேன். அங்கே நல்லா நடந்துட்டா புரோட்டா சாப்பிட்டது சரியாப் போயிடும்தானே? எடை குறைய சாப்பாடு முக்கியமா, உடற்பயிற்சி முக்கியமா? இதை ஒரு தடவை தெளிவா எழுதுங்களேன்."

எழுதிவிடலாம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடை குறைவதற்கு, சாப்பாடு. சந்தேகமே வேண்டாம். ஆனால் இதைப் படித்துவிட்டு 'அப்போ நடக்க வேண்டாம்' என்று யாராவது செருப்பைக் கழற்றி வைத்தால், அது பெரிய நஷ்டம். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

முதலில் கணக்கு. தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் தோராயமாக 50 கலோரி செலவாகும். ஆக, வண்டி ஏறாமல் பேரருவி வரை நடந்தே போனால் 250 கலோரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும், வியர்வை சட்டையை நனைத்துவிடும். ஒரு சாதாரண புரோட்டாவில் அளவையும் எண்ணெயையும் பொறுத்து 200 முதல் 300 கலோரி வரை இருக்கிறது. அதாவது ஒரு மணி நேர நடைக்கு ஒரு புரோட்டா. சால்னாவைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோழியைப் பற்றி நான் பேசவே இல்லை.

பார்டர் புரோட்டா அளவில் சின்னது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். சின்னதாக இருப்பதால்தான் இலையில் விழுகிற எண்ணிக்கை யாருக்கும் தெரிவதில்லை. மெலிதாகப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, 'இன்னும் ரெண்டு வைக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் மனஉறுதி எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கே கிடையாது. கோழி, காடை, ஆம்லெட் எல்லாம் சேர்த்து ஒருவர் சாப்பிடும் இரவுச் சாப்பாடு 1,000 கலோரியைச் சுலபமாகத் தாண்டும். அதை நடந்தே கழிக்க 20 கிலோமீட்டர் வேண்டும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பிய மாதிரி.

(வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில் இருக்கும் அந்த 'பார்டர்', இன்றைய கேரள எல்லை இல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அந்தப் பழைய எல்லை இடம் மாறிப் போனது. பெயரை மட்டும் புரோட்டா காப்பாற்றி வைத்திருக்கிறது.)

'படி ஏறினா நிறைய குறையுமே' என்று அடுத்த கேள்வி வரும். பண்பொழி திருமலைக் கோயிலுக்கு ஐநூறுக்கு மேல் படிகள். ஏறி முடித்து மூச்சு வாங்கி நிற்கும்போது ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி இருக்கும். 500 படி ஏறினால் 70 கிலோ உடம்புக்கு 60, 70 கலோரிதான் செலவு. கீழே இறங்கி வந்து சாப்பிடும் ஒரு உளுந்த வடைக்கே அது காணாது.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் அரை மணி நேரம் நடந்தால் 125 கலோரி போல செலவாகும். வேறு எதையும் மாற்றாமல், கூடுதலாக ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் இருந்தால், ஒரு கிலோ குறைய இரண்டு மாதம். ஆனால் நடந்துவிட்டு வரும் வழியில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு பருப்பு வடையும் என்றால் அன்றைய நடை அங்கேயே கழிந்துவிட்டது.

அருவிக்குப் பிறகு வரும் பசி

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். 'அப்படி ஒரு பசி' என்பார்கள். அது மூலிகைத் தண்ணீரின் மகிமை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பரிசோதனை இருக்கிறது. 2005-ல் வெளியானது. 11 ஆண்களைத் தண்ணீருக்குள் 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் 33 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர், இன்னொரு நாள் 20 டிகிரி குளிர்ந்த தண்ணீர். இரண்டு நாளும் செலவான கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இருந்து வந்தபோது சராசரியாக 608 கலோரி சாப்பிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரில் இருந்து வந்தபோது 877. அதாவது 44 சதவீதம் அதிகம்.

சின்ன ஆய்வுதான். 11 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனால் பேரருவியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, ஈரத் துண்டோடு மிளகாய் பஜ்ஜிக் கடை முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கும் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. அருவி அடிப்பதால் கொழுப்பு கரையாது. எண்ணெய் மசாஜும் கரைக்காது. மசாஜ் செய்பவர் முதுகில் நான்கு தட்டுத் தட்டினால் உடம்பு லேசான மாதிரி இருக்கும். அது நல்ல சுகம். அவ்வளவுதான். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உழைப்பு கூடினால் எரிவதும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். தான்சானியாவில் ஹட்ஸா என்ற வேட்டைக்குடி மக்கள் இருக்கிறார்கள். ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 11 கிலோமீட்டர் நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளரின் குழு இவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் மொத்தக் கலோரியை அளந்து 2012-ல் வெளியிட்டது. உடல் அளவை ஈடுகட்டிப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேற்கத்தியர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதிகம் உழைத்தால் உடம்பு வேறு இடத்தில் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். சம்பளம் கூடாமல் வாடகை மட்டும் கூடினால் நாம் மளிகைச் செலவைக் குறைப்பதில்லையா, அந்த மாதிரி.

சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது, அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த ஒன்று. பிடித்ததற்குக் காரணம், அதில் இருந்தவர்கள் ஜிம் பையன்கள் இல்லை. மாதவிடாய் நின்ற, 50 முதல் 75 வயதுக்குள் இருக்கும் 439 பெண்கள். நம் வீட்டு அம்மா, அத்தை, பெரியம்மா வயது. அவர்களை நான்கு குழுவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். எதையும் மாற்றாதவர்களுக்கு ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2.4 சதவீதம் குறைந்தது. வாரம் 5 நாள், நாளுக்கு 45 நிமிடம் செய்தும் அவ்வளவுதான். சாப்பாட்டை மட்டும் மாற்றியவர்களுக்கு 8.5 சதவீதம். இரண்டையும் செய்தவர்களுக்கு 10.8. முடிவு 2012-ல் வெளியானது. 70 கிலோ இருப்பவருக்கு இதைக் கிலோவில் சொன்னால்: வெறும் நடையால் ஒன்றரை கிலோ, சாப்பாட்டால் 6 கிலோ, இரண்டாலும் ஏழரை.

அத்தையின் 'பார்டர்'

இப்போது அந்தப் 'பெரிய நஷ்டம்' என்ன என்பதற்கு வருகிறேன்.

என் அத்தைக்கு 54 வயது. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். பதினைந்து வயதில் தொடங்கிய பீடி சுற்றும் வேலை. தென்காசி மாவட்டத்தில் இது எத்தனை வீட்டுக்குச் சோறு போடுகிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சொளவை மடியில் வைத்து, கால் மடக்கி, காலை முதல் இருட்டும் வரை உட்கார வேண்டும். எழுந்தால் எண்ணிக்கை குறையும்; எண்ணிக்கை குறைந்தால் காசு குறையும். உடம்பு அசையாத வேலை என்றால் நாம் ஐ.டி. கம்பெனியைத்தான் சொல்கிறோம். எங்கள் ஊர்த் திண்ணைகளை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வருடம் 71 கிலோ. டாக்டர், 'சர்க்கரை பார்டர்ல இருக்கு, எடையைக் குறைங்க, தினமும் நடங்க' என்றார். எங்கள் பக்கம் பார்டர் என்றால் எல்லோருக்கும் வேறு ஞாபகம்தான் வரும். ஆனால் அத்தை பயந்துவிட்டார். மாமாவின் அம்மா சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அத்தை.

மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் நடந்தார். விடிவதற்கு முன் எழுந்து, பஞ்சாயத்து ரோட்டில் அரை மணி நேரம். மூன்று மாதம் கழித்து மெடிக்கல் ஷாப் மெஷினில் ஏறினால் 70 கிலோ 600 கிராம்.

"ஏட்டி, மூணு மாசமா வெள்ளன எந்திச்சி நடக்கேன். காலுதான் வலிக்கு. எடை அப்படியே நிக்கி. இதுக்கு நாலு கட்டு பீடி கூடச் சுத்தியிருப்பேன்" என்றார் போனில். அடுத்த நாளில் இருந்து நடையை நிறுத்திவிட்டார்.

எடைக்காக நடக்கச் சொன்னதுதான் இங்கே பிரச்னை. முள் நகரவில்லை என்றதும், நடையும் வீண் என்று ஆகிவிட்டது. ஆனால் வீண் இல்லை என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரனின் குழு, அத்தையைப் போல 'பார்டரில்' இருந்த 531 பேரை வைத்துச் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு ஏறக்குறைய மூன்று வருடத்துக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர நடை, இனிப்பையும் மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்த சாப்பாடு என்று மாறியவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மாத்திரை போட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இதில் நான் அத்தையிடம் இரண்டு தடவை சொன்ன விஷயம் ஒன்று உண்டு: பலன் கிடைத்த அந்தக் குழுவில் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. முள் அப்படியே நின்றது. நோய் தள்ளிப் போனது. தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் வேலையை எடை மெஷின் காட்டாது.

நடையின் இன்னொரு வேலை, குறைத்த எடையைக் காவல் காப்பது. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13.6 கிலோவுக்குக் குறையாமல் எடை குறைத்து, ஒரு வருடமாவது ஏறாமல் பார்த்துக்கொண்டவர்கள் மட்டும் அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் 98 சதவீதம் பேர் சாப்பாட்டை மாற்றியவர்கள். 94 சதவீதம் பேர் உடல் உழைப்பைக் கூட்டியவர்கள். அதிகம் பேர் தேர்ந்தெடுத்த பயிற்சி, நடைதான். பட்டினி கிடந்து இறக்கிய எடையில் கொழுப்போடு தசையும் போகும். நடையும் கொஞ்சம் பளு தூக்குவதும் இருந்தால் அந்தத் தசை இழப்பு குறையும். அறுபது வயதில் தரையில் இருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க அந்தத் தசைதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இது சில பேரின் பிரச்னை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 30.9. ஆண்கள் 28.2-ல் இருந்து 37-க்கு வந்திருக்கிறார்கள். அரசும் சும்மா இல்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்துத் தொடங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் 8 கிலோமீட்டர் பாதையின் முடிவில் ஒரு டீக்கடை இருந்தால் கணக்கு என்ன ஆகும் என்று மேலே பார்த்துவிட்டோம். தட்டைப் பற்றியும் அதே அளவு சத்தமாக யாராவது பேச வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது? சென்னையில் முன்பு எடுத்த ஒரு பெரிய கணக்கில், ஒரு நாளில் சாப்பிடும் மொத்தக் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்தில் இருந்து வந்தது. பெரும்பகுதி வெள்ளை அரிசி. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. மூன்றும் ஒரே அரிசிதான், உருவம்தான் வேறு. அரிசியை விரோதியாக்கச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் சொதி வைக்கும் நாளில் சோற்றை விடு என்று சொன்னால் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

அத்தை செய்ததைச் சொல்கிறேன். பட்டினி இல்லை, சியா விதை இல்லை. மத்தியானம் நான்கு அகப்பையாக இருந்த சோறு இரண்டாகக் குறைந்தது. அந்த இடத்தில் காயும், அவித்த பயறும் அல்லது ஒரு முட்டையும் வந்தன. ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதுவே 40 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. டீயை விடவில்லை, சர்க்கரையை அரை ஸ்பூன் ஆக்கினார். கருப்பட்டிக்கு மாறினால் கணக்கில் வராது என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தார். அதுவும் சர்க்கரைதான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது மிச்சச் சோறு. பேரப்பிள்ளைகள் வைத்துவிட்டுப் போகும் அரை தோசை, சட்டியில் ஒட்டிய குழம்புச் சோறு. 'எறிய மனசு வருமா?' என்று அவரே சாப்பிட்டுவிடுவார். எத்தனையோ வீடுகளில் பெண்களின் எடை அடுக்களையில் இப்படித்தான் ஏறுகிறது. இதற்கு அவர் கண்டுபிடித்த வழி எந்த டயட்டீஷியனும் சொல்லாதது: உலையில் அரை ஆழாக்கு அரிசியைக் குறைத்துப் போட்டார். மிஞ்சினால்தானே.

நடை மறுபடி தொடங்கியது. ஆனால் காலையில் இல்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு இருபது நிமிடம். பகலில் கட்டு கட்டி முடிக்கும்போதெல்லாம் எழுந்து முற்றம் வரை ஒரு நடை. இப்போது 67 கிலோ. ஏழு மாதம் ஆகியிருக்கிறது. வேகம் குறைவுதான். வாட்ஸ்அப்பில் வரும் 'பத்தே நாளில் பத்து கிலோ' ஆட்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

'அந்த ஊசி போட்டா என்ன?' என்று கேட்பவர்களும் உண்டு. 2025-ல் இந்தியக் கடைகளுக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளைச் சொல்கிறார்கள். அவை முக்கியமாகப் பசியைக் குறைத்துத்தான் வேலை செய்கின்றன. அதாவது, அந்த ஊசிகூடச் சாப்பாட்டு வழியாகத்தான் எடையைக் குறைக்கிறது. யாருக்குத் தேவை, யாருக்கு ஆகாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. அதே மாதிரி, ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டு, மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டு தொடங்குங்கள். வளரும் பிள்ளைகளுக்கு டயட் என்ற பேச்சே வேண்டாம். கடைத் தின்பண்டத்தை வீட்டில் வாங்கி அடுக்காமல் இருந்து, சாயங்காலம் விளையாட விட்டாலே போதும்.

சரி, குற்றாலம் வரும் வாசகிக்கு. மூன்று நாளில் ஒரே ஒரு ராத்திரியை பார்டருக்கு ஒதுக்குங்கள். மற்ற வேளைகளில் இட்லி, சோறு, காய் என்று வீட்டுக் கணக்கிலேயே இருங்கள். அருவியில் இருந்து வெளியே வந்ததும் முதலில் உடை மாற்றுங்கள். சர்க்கரை குறைத்த சுக்குக் காபி ஒன்று குடியுங்கள். குளிர் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பசித்தால் சாப்பிடுங்கள். பஜ்ஜிக் கடைக்கு அந்த அரை மணி நேரம் மட்டும் முதுகைக் காட்டுங்கள். பார்டரில் இலை போட்டதும் கோழியும் முட்டையும் முதலில் வரட்டும், புரோட்டா பிறகு. எண்ணி வைக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். காலையில் கூட்டம் சேரும் முன் ஐந்தருவி ரோட்டில் சாரலில் நடந்து பாருங்கள், கலோரிக்காக இல்லை, அந்த ரோட்டுக்காக. நேந்திரம் சிப்ஸ் 100 கிராமிலேயே 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஊருக்கு வாங்கிப் போங்கள், நாலு வீட்டுக்குக் கொடுங்கள். பாக்கெட்டை மட்டும் பஸ்ஸில் பிரித்துவிடாதீர்கள். திருநெல்வேலி வருவதற்குள் காலியாகிவிடும்.